கம்ப்யூட்டர் நிற்கும் நேரத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும்

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையிலிருந்து ஒரு லோடு சரக்கு வெளியூருக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு ஏற்றியாகிவிட்டது, தார்ப்பாயும் கட்டியாகிவிட்டது. டிரைவர் சாவியோடு நிற்கிறார். ஆனாலும் வண்டி உடனே நகர முடியாது. முதலில் கம்ப்யூட்டரில் பில் போட வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனம் இன்னொரு வியாபாரிக்கு அனுப்புவதாக இருந்தால் இ-இன்வாய்ஸ் எண் வாங்க வேண்டும். அடுத்து இ-வே பில். முன்பணம் அனுப்பியதாக வாங்குபவர் சொன்னால், அது நம் வங்கிக் கணக்கில் ஏறியதா என்று பார்க்க வேண்டும். நான்கு வழிச் சாலையில் சுங்கச்சாவடியைத் தாண்ட பாஸ்டேக் வேலை செய்ய வேண்டும்.

ஆக, ஒரு லாரி கிளம்ப ஐந்து இடங்களில் ஐந்து கம்ப்யூட்டர்கள் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. இவற்றில் நம் மேஜையில் இருப்பது ஒன்றே ஒன்று. மற்றவை எந்த ஊரில், யார் பொறுப்பில் இருக்கின்றன என்பதுகூட நமக்குத் தெரியாது.

முன்பு இப்படி இல்லை. கணக்குப்பிள்ளை சிட்டையில் எழுதுவார். அதைப் பேரேட்டில் ஏற்றுவார். கரண்ட் போனால் அரிக்கேன் விளக்கை ஏற்றிக்கொண்டு எழுதினார்கள். 1986-ல் பெங்களூரில் தொடங்கிய டேலி போன்ற மென்பொருள்கள் நம் கடைகளுக்கு வந்த பிறகும்கூட, இயந்திரம் நம் கண் முன்னால்தான் இருந்தது. நின்றுவிட்டால் தெருக்கோடியில் உள்ள ரிப்பேர்காரரைக் கூப்பிட்டோம். இன்று தொழில் நின்றால், நின்றது எங்கே என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆகிறது.

"கம்ப்யூட்டரை நம்பலாமா?" என்று வணிகர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நம்பாமல் இருக்க முடியாது. சட்டமே அதைக் கட்டாயமாக்கிவிட்டது. ஆனால் எந்த அளவுக்கு நம்புவது என்று நிர்ணயிப்பது நம் கையில்தான் இருக்கிறது. கடன் கொடுக்கும்போது ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் எல்லை வைக்கிறோம் அல்லவா? அதே போல ஒவ்வொரு கம்ப்யூட்டர் ஏற்பாட்டுக்கும் ஓர் எல்லை வைக்க வேண்டும். அதற்கு மூன்று கேள்விகள் போதும். இது நின்றுபோனால் எத்தனை நேரம் என் தொழில் தாங்கும்? இது தவறாக எழுதினால் எனக்கு எப்படித் தெரியும்? இது எழுதியதெல்லாம் அழிந்துபோனால் எத்தனை நாள் கணக்கை என்னால் திரும்ப எழுத முடியும்?

நூற்றுக்கு 99 என்றால் எவ்வளவு?

மென்பொருள் விற்க வருபவர்கள், "எங்கள் சர்வர் 99 சதவீதம் ஓடும்" என்பார்கள். பரீட்சையில் 99 மார்க் என்றால் மெச்சத்தான் வேண்டும். வியாபாரத்தில் அதற்கு என்ன பொருள் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆண்டுக்கு 300 நாள், நாளுக்கு 12 மணி நேரம் திறந்திருக்கும் கடைக்கு மொத்தம் 3,600 மணி நேரம். அதில் நூற்றில் ஒரு பங்கு 36 மணி நேரம். அதாவது மூன்று முழு நாள் கடையில் பில் போட முடியாது. 99.9 சதவீதம் என்றால் 3 மணி 36 நிமிடம். ஒரு புள்ளிக்குப் பின்னால் வரும் ஓர் ஒன்பதுக்கு இத்தனை வித்தியாசம் இருக்கிறது. ஆகவே சதவீதத்தைக் கேட்டு மயங்காமல், "ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் நிற்கும்?" என்று கேட்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. கரண்ட், இன்டர்நெட், கம்ப்யூட்டர், பில் மென்பொருள், அரசாங்கத் தளம் என ஐந்தும் ஒரே நேரத்தில் ஓடினால்தான் வேலை நடக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியே 99 சதவீதம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஐந்தும் சேர்ந்து ஓடுவது 95 சதவீதம்தான். 300 நாளில் ஏறக்குறைய 15 நாள் ஏதாவது ஒன்று காலை வாரிவிடும். ஐந்து பேரிடமும் போய்க் கேட்டால், "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். அவரவர் அளவில் அது உண்மையும்கூட. சங்கிலியின் பலம் மொத்தமும் நம் தலையில்தான் வந்து விடிகிறது.

இதே கணக்கு நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். 99 சதவீதம் ஓடும் இன்டர்நெட் இணைப்புகள் இரண்டு, இரண்டு வேறு கம்பெனிகளிடமிருந்து வாங்கி வைத்தால், இரண்டும் ஒரே நேரத்தில் நிற்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. 36 மணி நேரமாக இருந்த நஷ்டம் 22 நிமிடத்துக்குக் குறைகிறது. ஆனால் இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் வந்தால் இந்தக் கணக்கு செல்லாது. கம்பம் சாய்ந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒன்று கேபிள் வழியாகவும் மற்றொன்று செல்போன் வழியாகவும் இருப்பது உத்தமம்.

கூட்டம் கூடும்போதுதான் படுக்கிறது

ஆண்டுக்கு 36 மணி நேரம் என்ற நஷ்டம் 300 நாளுக்கும் சமமாகப் பிரிந்து வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அது ஆடி மாத மதியத்தில் வராது; தீபாவளிக்கு முந்தின மாலையில் வரும். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே வாசலில் நுழையும்போதுதான் கம்ப்யூட்டர்கள் படுக்கின்றன. இதற்கு நாம் அனுபவித்த உதாரணங்களே போதும்.

2018 பிப்ரவரி 1-ம் தேதி மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் கட்டாயம் என்று அறிவித்தார்கள். சோதனை ஓட்டம் முடிந்துதான் தொடங்கினார்கள். ஆனால் முதல் நாளே தளம் முடங்கியது. அன்றைக்கே அந்தக் கட்டாயத்தைத் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. பிறகு நாளொன்றுக்கு 75 லட்சம் பில்கள் வரை தாங்கும்படி தயார் செய்து, 2018 ஏப்ரல் 1 முதல் மீண்டும் நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு அது 2018 ஜூன் 2 முதல் வந்தது. சோதனையில் ஓடியது நிஜத்தில் ஓடாததற்குக் காரணம், சோதனையில் வந்த கூட்டம் வேறு, நிஜத்தில் வந்த கூட்டம் வேறு என்பதே.

ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் கதையும் இதுதான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த நாள் முதல், கடைசித் தேதி மாலையில் தளம் திணறுவது வாடிக்கையாகிவிட்டது. அதற்காகவே 2020 ஜனவரியில் மாநிலவாரியாகவும் விற்றுமுதல் வாரியாகவும் 20, 22, 24 என்று கடைசித் தேதிகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். அதன் பிறகும் 2025 ஜனவரியில், ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கல் செய்யக் கடைசி நாளான 11-ம் தேதி நெருங்கிய நேரத்தில், தளம் முடங்கியது. பொங்கல் வியாபாரத்தைக் கவனிப்பதா, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதா என்று தவிக்கும் நேரம் அது. அந்த முறை கெடுவை 13-ம் தேதி வரை நீட்டித்தார்கள். ஒவ்வொரு முறையும் நீட்டிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. நீட்டிக்காவிட்டால் தாமதக் கட்டணம் நம்முடையது. வரி பாக்கிக்கு 18 சதவீத வட்டியும் நம்முடையது.

யு.பி.ஐ. பணப் பரிமாற்றத்தில் நடந்தது இன்னும் பாடம் தருவது. 2025 மார்ச் 26, ஏப்ரல் 12 ஆகிய நாள்களில் நாடு முழுவதும் யு.பி.ஐ. தடைப்பட்டது. ஏப்ரல் 12-ம் தேதித் தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் கவனிக்கத் தக்கது. பணம் போய்ச் சேர்ந்ததா என்று வங்கிகளின் கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தன. அந்த விசாரிப்புகளே வெள்ளமாகப் பெருகி வழியை அடைத்துவிட்டன. கடையில் ஒரு சரக்கு வரத் தாமதமானால், "வந்துவிட்டதா, வந்துவிட்டதா" என்று இருபது பேர் கல்லாவைச் சூழ்ந்து நின்று கேட்பதால் பில் போடுவதே நின்றுபோகுமே, அது போலத்தான். 2025 ஆகஸ்ட் 1 முதல் ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 தடவைக்கு மேல் கணக்கு இருப்பைப் பார்க்க முடியாது என்பது போன்ற கட்டுப்பாடுகள் இதன் பிறகு வந்தவையே.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது, கூட்டத்தோடு கூட்டமாகப் போகக் கூடாது என்பது. 20-ம் தேதி கட்ட வேண்டியதை 15-ம் தேதி கட்டுபவருக்குத் தளம் பெரும்பாலும் நன்றாகவே ஓடும். அதே தளம்தான், நேரம் மட்டுமே வேறு.

நிற்பது ஒன்று, தவறாக எழுதுவது வேறு

கம்ப்யூட்டர் நின்றுபோனால் உடனே தெரிந்துவிடும். ஓடிக்கொண்டே தவறாக எழுதினால்? இதுதான் பெரிய ஆபத்து. இதற்கு உலகமே அறிந்த உதாரணம் இங்கிலாந்தில் நடந்தது. அங்கே பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற கடைக்காரர்கள் என்பதால் அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

இங்கிலாந்தில் பல ஊர்களில் தபால் அலுவலகம் தனிக் கட்டடமாக இருப்பதில்லை. மளிகைக் கடையோ, பத்திரிகைக் கடையோ நடத்துபவர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, தன் கடையிலேயே ஒரு கவுன்டரில் தபால் வேலையும் பார்ப்பார். இந்திய வம்சாவளியினர் பலர் இப்படி நடத்திவந்தனர். 1999 முதல் இந்தக் கவுன்டர்களுக்கெல்லாம் ஹொரைசன் என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறை வந்தது. வந்த பிறகு பலருடைய கணக்கில் துண்டு விழத் தொடங்கியது. கல்லாவில் உள்ள பணம் ஒன்று, கம்ப்யூட்டர் காட்டும் தொகை வேறொன்று. "கம்ப்யூட்டர் சரியாகத்தான் இருக்கிறது, நீங்கள் எடுத்திருக்கிறீர்கள்" என்றது தபால் நிறுவனம். துண்டு விழுந்ததைச் சொந்தப் பணத்தில் கட்டச் சொன்னார்கள். 1999 முதல் 2015 வரை 900 பேருக்கு மேல் திருட்டு, பொய்க் கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். கடையை இழந்தவர்களும் வீட்டை இழந்தவர்களும் பலர்.

உண்மையில் தவறு கம்ப்யூட்டரில் இருந்தது. ஓர் ஊரில் 2015-ல் நடந்ததைப் பாருங்கள். 8,000 பவுண்டு அனுப்பியதைப் பதிவு செய்யும்போது திரை உறைந்து நின்றது. பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தியதில் அதே தொகை நான்கு முறை பதிவானது. 24,000 பவுண்டு துண்டு விழுந்தது போலக் கணக்கு காட்டியது. திரை உறைந்தால் பட்டனை மறுபடி அழுத்தாத கடைக்காரர் நம்மில் யார் இருக்கிறார்?

ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் தபால் கவுன்டர்காரர் தலைமையில் 555 பேர் வழக்குத் தொடர்ந்தனர். 2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் ஹொரைசனில் பிழைகள் இருந்ததை உறுதி செய்தது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. கடைசியில் 2024 மே மாதம் தனிச் சட்டமே போட்டு மற்றவர்களையும் விடுவித்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குள் இறந்துபோனவர்களும் உண்டு.

அவர்களைப் பற்றி நமக்கு அனுதாபம் இருந்தால் மட்டும் போதாது. ஏன் அவர்களால் தங்கள் பக்கத்தை நிரூபிக்க முடியவில்லை என்று பார்க்க வேண்டும். அவர்களிடம் கம்ப்யூட்டர் கணக்கைத் தவிர வேறு கணக்கு இல்லை. அந்தக் கம்ப்யூட்டரின் உள் பதிவுகளோ எதிர்த்தரப்பின் கையில் இருந்தன. நம் முன்னோர் ஒருபோதும் ஒரே புத்தகத்தை நம்பியதில்லை. சிட்டை தனி, பேரேடு தனி. இரவு கடை அடைக்கும் முன் கல்லாவை எண்ணி, சிட்டையோடு ஒத்துப் பார்த்த பிறகே விளக்கை அணைத்தார்கள். கணக்கைக் கணக்கால் சோதிக்கும் வழக்கம் அது. கம்ப்யூட்டர் வந்ததும், "அதுவே கூட்டிக்கொள்கிறது" என்று இந்த வழக்கத்தை விட்டுவிட்டோம். கூட்டல் தப்பாது என்பது உண்மை. ஆனால் ஒரே பில் இரண்டு முறை ஏறுவதையும், ஒரு ரசீது ஏறாமலே போவதையும் கூட்டல் காட்டிக் கொடுக்காது.

ஆகவே, கம்ப்யூட்டர் காட்டும் தொகையை, கம்ப்யூட்டரைச் சாராத ஏதாவது ஒன்றோடு தினமும் ஒத்துப் பார்க்க வேண்டும். கல்லாவில் உள்ள ரொக்கத்தோடு ஒரு முறை, வங்கிக் கணக்கோடு ஒரு முறை. முக்கியமான பத்துச் சரக்குகளின் இருப்பை வாரம் ஒரு முறை கிட்டங்கியில் கண்ணால் பார்த்து எண்ணினால் இன்னும் நல்லது. வித்தியாசம் வந்தால் அன்றைக்கே குறித்து வைக்க வேண்டும். ஒரு மாதம் கழித்துக் கண்டுபிடித்தால் வேலையாளைச் சந்தேகிக்கத் தோன்றும். குற்றம் மனிதனுடையதா, இயந்திரத்தினுடையதா என்று தெரியாமல் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது பெரிய பாவம்.

எழுதியதைக் காப்பது

மூன்றாவது கேள்விக்கு வருவோம். ஹார்டு டிஸ்க் ஒரு நாள் போகத்தான் செய்யும். வைரஸும் வரும். இப்போது வரும் ஒரு வகை வைரஸ் கணக்கையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கிறது. பெரிய இடங்களே தப்பவில்லை. 2024 ஜூலை 31 அன்று, கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கம்ப்யூட்டர் சேவை அளிக்கும் சி-எட்ஜ் என்ற நிறுவனம் இப்படித் தாக்கப்பட்டது. முன்னெச்சரிக்கையாக அதன் தொடர்பைத் துண்டிக்க வேண்டியதாயிற்று. அதனால் ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பணப் பரிமாற்றம் செய்ய முடியாமல் தவித்தனர்.

நம் கடைக்கு இந்த ஆபத்தின் அளவை இப்படிக் கணக்கிடலாம். நாளொன்றுக்கு 200 பில் போடும் கடை. சனிக்கிழமை தோறும் பேக்கப் எடுக்கும் வழக்கம். வெள்ளிக்கிழமை இரவு ஹார்டு டிஸ்க் போய்விட்டது. 1,200 பில்களைத் திரும்ப ஏற்ற வேண்டும். கார்பன் நகல் இருந்தால் உட்கார்ந்து ஏற்றலாம். இல்லாவிட்டால் யார் எவ்வளவு பாக்கி என்பதை அவரவர் மனச்சாட்சியைத்தான் கேட்க வேண்டும். "ஒரு நாளுக்கு மேல் கணக்கு போனால் தாங்காது" என்று தோன்றினால் தினமும் பேக்கப் எடுக்க வேண்டும். அரை நாள்கூடத் தாங்காது என்றால் மதியமும் எடுக்க வேண்டும். எத்தனை முறை எடுப்பது என்பதை நம் தாங்கும் சக்திதான் தீர்மானிக்கிறது.

பேக்கப் எடுத்த பென் டிரைவைக் கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருப்பது பீரோச் சாவியைப் பீரோவிலேயே தொங்கவிடுவது போன்றது. கணக்கைப் பூட்டும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். எடுத்தவுடன் கழற்றி, ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொரு விஷயம்: மாதம் ஒரு முறை அந்தப் பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்து பார்க்க வேண்டும். எடுத்து வைத்தது திறக்கவில்லை என்பது தேவைப்படும் நாளில் தெரிந்து பயனில்லை.

இது சட்டத்தின் கட்டளையும்கூட. ஜி.எஸ்.டி. விதி 57, கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்கள் முறையான பேக்கப் வைக்க வேண்டும் என்றும், விபத்தால் அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் திரும்பப் பெற முடிய வேண்டும் என்றும் சொல்கிறது. ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்பதும் சட்டம். "கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது சார்" என்பது அதிகாரியிடம் எடுபடாது.

நின்றால் யார் தலையில் விழும்?

ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாட்டில் சேரும் முன் இதைக் கேட்க வேண்டும். விடை இடத்துக்கு இடம் மாறுகிறது.

சுங்கச்சாவடியை எடுத்துக்கொள்வோம். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் பாஸ்டேக் கட்டாயம். ஆனால் 2018 மே மாதம் வந்த விதி ஒன்று நமக்குச் சாதகமானது. செல்லுபடியாகும் பாஸ்டேக்கும் அதில் போதிய பணமும் இருந்து, சாவடியின் கருவிக் கோளாறால் பணம் எடுக்க முடியாவிட்டால், வண்டியைக் கட்டணம் வாங்காமல் விட வேண்டும். பூஜ்யத் தொகைக்கு ரசீதும் தர வேண்டும். இங்கே கோளாறின் பொறுப்பு கருவி வைத்தவருடையது. இதை நம் டிரைவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

யு.பி.ஐ.யில் நிலைமை வேறு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் பிறப்பித்த உத்தரவின்படி, வாடிக்கையாளர் கணக்கில் பணம் பிடிக்கப்பட்டு, கடைக்கு உறுதிச் செய்தி வராவிட்டால், ஐந்து நாளுக்குள் பணம் வாடிக்கையாளருக்கே திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் அவருக்கு உண்டு. நன்றாகக் கவனியுங்கள்: பணம் திரும்புவது அவருக்கு. "பணம் போய்விட்டது, பாருங்கள்" என்று அவர் காட்டிய போனை நம்பிச் சரக்கைக் கொடுத்த நமக்கு ஒன்றும் இல்லை. ஆகவே நம் வங்கியின் செய்தியோ, ஒலிப்பெட்டியின் அறிவிப்போ வந்த பிறகே வரவு வைக்க வேண்டும். தெரிந்த வாடிக்கையாளர் என்றால் பெயரும் போன் எண்ணும் எழுதிக்கொண்டு கடனாகக் கொடுக்கலாம். ஆனால் அது கடன் என்று எழுதியே கொடுக்க வேண்டும்.

இ-வே பில்லில் சுமை முழுவதும் நம் மேல். பில் இல்லாமல் வண்டி பிடிபட்டால், வரி உள்ள சரக்குக்கு உரிமையாளர் முன்வந்து கட்ட வேண்டிய அபராதம் வரியைப் போல் இரு மடங்கு. இதற்கும் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் இ-வே பில்லுக்கு இரண்டாவது தளம் ஒன்று திறக்கப்பட்டுள்ளது. ஒரு தளத்தின் விவரம் சில விநாடிகளில் மற்றதற்கும் போய்ச் சேரும். முதல் தளம் நின்றால் இரண்டாவதில் பில் போடலாம், வண்டி எண்ணையும் மாற்றலாம். ஒரே வாசலை நம்ப முடியாது என்பதை அரசாங்கமே ஏற்றுக்கொண்டு இன்னொரு வாசல் வைத்திருக்கிறது. நம் கடையில் பில் போடும் பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவது வாசல் தெரியுமா என்பதுதான் கேள்வி.

மென்பொருள் விற்பவரைப் பொறுத்தவரை, ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் உள்ளதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். "அழைத்த 4 மணி நேரத்தில் கவனிப்போம்" என்பது வேறு, "4 மணி நேரத்தில் சரி செய்து கொடுப்போம்" என்பது வேறு. ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளி வாரமும் அதில் அடங்குமா? நஷ்ட ஈடு உண்டா? நாளை வேறு மென்பொருளுக்கு மாறினால் நம் கணக்கை எந்த வடிவில் திருப்பித் தருவார்? இவற்றை எழுத்தில் வாங்க வேண்டும்.

கடையில் செய்ய வேண்டியவை

1. பில் போடுவது, பணம் வாங்குவது, இ-வே பில், சரக்கு இருப்பு என ஒவ்வொன்றுக்கும் எதிரே, "எத்தனை நேரம் நின்றால் தாங்கும்" என்று ஒரு தாளில் எழுதுங்கள். மிகக் குறைவான நேரம் எதுவோ அதற்கு முதலில் செலவு செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் இரட்டை ஏற்பாடு செய்யப் பணம் விரயம்.

2. வரிசை எண் அச்சிட்ட பில் புத்தகம் இரண்டு எப்போதும் கல்லாவில் இருக்கட்டும். கம்ப்யூட்டர் பில்லுக்கு ஒரு வரிசை, கைப் பில்லுக்குத் தனி வரிசை என்று வைத்துக்கொண்டால் பின்னால் குழப்பம் வராது. இ-இன்வாய்ஸ் கட்டாயம் உள்ள நிறுவனங்கள் இந்தக் கைப் பில்லை மட்டும் வைத்துச் சரக்கை அனுப்பக் கூடாது.

3. விலைப் பட்டியலையும் பாக்கிப் பட்டியலையும் வாரம் ஒரு முறை அச்செடுத்து வையுங்கள். கம்ப்யூட்டர் நின்ற நாளில் வேலையாள் விலை தெரியாமல் விழிக்கக் கூடாது.

4. பண்டிகைக்கு முந்தின பத்து நாளில் மென்பொருளைப் புதுப்பிக்கவோ மாற்றவோ வேண்டாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான புதுப்பிப்பு உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை முடக்கியது. நம் விமான நிலையங்களில் அன்று கையால் எழுதிக் கொடுத்த போர்டிங் பாஸ்களோடு பயணிகள் ஏறினார்கள். கையால் எழுதத் தெரிந்திருந்ததால் விமானம் கிளம்பியது.

5. அரசாங்கத் தளம் நின்றால், திரையில் தெரியும் பிழைச் செய்தியைத் தேதி, நேரத்தோடு படம் எடுத்து, தளத்தின் புகார்ப் பகுதியில் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். பிற்பாடு விளக்கம் கேட்டால் கையில் ஆதாரம் இருக்கும்.

6. கடன் வழக்கு நீதிமன்றம் போனால், கம்ப்யூட்டர் அச்சுத்தாள் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ம் பிரிவின்படி சான்றிதழும் வேண்டும். ஆகவே பெரிய தொகைகளுக்கு வாடிக்கையாளரின் கையெழுத்து உள்ள டெலிவரி சலான் இருக்கட்டும்.

7. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, வியாபாரம் குறைந்த ஒரு மதியத்தில், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கடையை நடத்திப் பாருங்கள். எது தெரியவில்லை, எது கிடைக்கவில்லை என்பது அப்போது புரியும்.

ஆனைக்கும் அடி சறுக்கும். வங்கியும், அரசாங்கமும், உலகப் பெரிய நிறுவனங்களும் சறுக்கியதைப் பார்த்தோம். நம் கடைக் கம்ப்யூட்டர் மட்டும் சறுக்காது என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. சறுக்கும் என்பதற்காக அதை வேண்டாம் என்று ஒதுக்குவதும் முடியாது. வாடிக்கையாளர் சிலர் கடனைத் திருப்ப மாட்டார் என்று தெரிந்தே நாம் கடன் கொடுத்து வியாபாரம் செய்கிறோம். வாராக் கடனுக்கு ஒதுக்கி வைப்பது போல, கம்ப்யூட்டர் நிற்கும் நேரத்துக்கும் ஒதுக்கி வைப்போம். லோடு ஏற்றிய வண்டி கப்பலூரில் நிற்காமல் போய்க்கொண்டிருக்க அதுவே வழி.